நசுங்காத எலுமிச்சம்பழம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் காலை. மலேசியாவில் ஈஜோக் பக்கம் நான் வேலை பார்க்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. அதன் வாசலில், நான் என் கையால் கட்டிய காருக்குப் பூசை நடந்தது. அன்று நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். கூடவே பயமும் வரும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து எண்ணெய் ஆலையில் நான் ஃபிட்டர். எந்த இயந்திரம் நின்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். இப்படித் தேடித் தேடியே எனக்குத் தலைக்கனம் ஏற்றிவிட்டார்கள் என்பது என் மனைவியின் கட்சி. அவள் தையல்காரி. அசாம் ஜாவாவில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவள் கடை. தீபாவளி நெருங்கினால் எங்கள் வீட்டில் உட்கார இடமிருக்காது, எங்கும் ரவிக்கைத் துணியாகக் கிடக்கும்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பைத்தியம். தரையோடு தரையாகப் போகும், கூரையில்லாத, இரண்டே இரண்டு இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் வேண்டும். வாங்குகிற சங்கதியெல்லாம் நமக்கு ஒத்துவராது. அதனால் கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். விபத்தில் முன்பக்கம் நொறுங்கிப்போன சின்னக் கார் ஒன்று கிடைத்தது. அதன் எஞ்சினைக் கழற்றி இருக்கைகளுக்குப் பின்னால் வைப்பதாகத் திட்டம். இந்த மாதிரி வீட்டில் கட்டிய வண்டியைப் பெரிய சாலையில் ஓட்ட முடியாது, அது எனக்குத் தெரியும். தோட்டத்துச் சாலை போதும் எனக்கு. மேனேஜரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமையில், லோரி ஓடாத நேரத்தில் ஓட்டிக்கொள் என்று சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தார்.

வீட்டு முன்னால் கார் நிறுத்தும் போர்ச்சில்தான் வேலை. இரும்புக் குழாய்களை வெட்டி, அதன் சிமென்டுத் தரையில் பரப்பி, ஒட்டி, சட்டத்தைக் கட்டினேன். சஸ்பென்ஷனை மட்டும் நானே யோசித்து வரைந்தேன். முன்சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், வண்டி குழியில் இறங்கினால் சக்கரம் எந்தப் பக்கம் சாயும் என்பதையெல்லாம் அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி, சமையலறைச் சுவரில் ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். சுவர் முழுக்க ஊசி ஓட்டை. ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ரொம்ப இறுக்கமாகத் தேர்ந்தெடுத்தேன். பந்தயக் கார் என்றால் இறுக்கமாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம்.

உடல் பாகம் செய்தது தனிக் கூத்து. கோலா சிலாங்கூர் மீன் சந்தையில் தூக்கிப்போடும் வெள்ளை நுரைப் பெட்டிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, கழுவி, ஒட்டி, கத்தியால் செதுக்கிக் காரின் மூக்கை வடித்தேன். அழகாக வந்தது. எங்கள் குடியிருப்பு, அந்தத் தாமானில் உள்ள பூனைகள் எல்லாம் வந்து அதன் மேல் படுத்துக்கொண்டன, அது வேறு கதை. மறுநாள் ஃபைபர் கண்ணாடித் துணி விரித்து மேலே ரெசின் ஊற்றினேன். பத்து நிமிடத்தில் என் காரின் மூக்கு சர்க்கரைப் பாகு மாதிரி உருகிக் கீழே ஒழுகியது. அந்த நுரையை ரெசின் தின்றுவிடும் என்று எனக்குத் தெரியாது. ஆற்றோரம் படகு பழுதுபார்க்கும் பட்டறையின் முதலாளி, சீனத் தவுக்கேயிடம் போய்ச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலில் நுரைக்கு மேல் சுண்ணாம்பு மாவு பூசு, காயவிடு, தேய், அதன் மேல் மெழுகு, அப்புறம்தான் ரெசின் என்று மலாயில் சொல்லிக்கொடுத்தார்.

அதற்குப் பிறகு உடல் பாகம் நன்றாக அமைந்ததற்கு என் மனைவிதான் காரணம். சக்கரத்துக்கு மேல் வளைந்து வரும் இடத்தில் ஃபைபர் துணி மடிந்து மடிந்து நின்றது. நான் எரிச்சலில் கத்திக்கொண்டிருந்தேன். அவள் வந்து பார்த்தாள். ரவிக்கைக்குக் கைக்குழி வெட்டுகிற மாதிரி நியூஸ்பேப்பரில் அளவு வெட்டி, அதை வைத்துத் துணியை வெட்டிக் கொடுத்தாள். ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்தது. இரண்டு இருக்கைக்கும் உறை தைத்தவளும் அவள்தான். இடது பக்க இருக்கைக்கு மட்டும் ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டியிருந்தாள். அது தன் இடமாம்.

ஆக, பதினாலு மாதம். ஒவ்வொரு சனிக்கிழமையும் போர்ச்சில் வைத்து அளப்பேன். தரையிலிருந்து சட்டம் வரை நான்கு மூலையும் அளந்தால் நூல் பிசகாது. ஆலையில் இருக்கும் நண்பர்களிடம் அந்த அளவைச் சொல்லிச் சொல்லியே அவர்களைச் சாகடித்தேன்.

பூசை நாளுக்கு வருகிறேன். நண்பரின் லோரியில் காரை ஏற்றித் தோட்டத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். என் அக்கா, நாலைந்து சொந்தக்காரர்கள், ஆலை நண்பர்கள் வந்திருந்தார்கள். பூசாரி சந்தனம் குங்குமம் வைத்தார், மாலை போட்டார், கற்பூரம் காட்டினார். வழக்கம்போல நாலு சக்கரத்துக்கு முன்னாலும் ஒவ்வொரு எலுமிச்சம்பழம். பூசை முடிந்ததும் வண்டியை முன்னால் நகர்த்திப் பழத்தை நசுக்கிக்கொண்டு போக வேண்டும். அதன் பிறகு மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆலை வரைக்கும் ஒரு ஓட்டம், திரும்பி வந்து எல்லோருக்கும் பசியாறல். இதுதான் ஏற்பாடு.

நான் ஏறி உட்கார்ந்து மெல்ல நகர்த்தினேன். பின்னால் இரண்டு பழமும் நசுங்கின. முன் வலது பக்கப் பழமும் நசுங்கியது. முன் இடது பக்கத்தில் மட்டும் சக்கரம் பழத்தின் மேல் ஏறாமல், அதை ஒரு முழ தூரம் சிமென்டில் தள்ளிக்கொண்டே போனது. பழம் விலகிக் கோயில் படிப் பக்கம் உருண்டு போய் நின்றது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தார். "தம்பி, சாமிக்கு இஷ்டமில்ல போல. இன்னிக்கு வேணாம்யா, எடுக்காத."

எனக்குச் சுர்ரென்று வந்தது. பழம் கல் மாதிரி இருக்கிறது, வேறு பழம் வையுங்கள் என்றேன். பூசாரி நன்றாகப் பழுத்ததாகப் பார்த்து ஒன்று வைத்தார். மறுபடியும் அதே கதை. சக்கரம் அதைத் தள்ளிவிட்டது.

என் மனைவி குனிந்து அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என் பக்கம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள். "என்னங்க, இந்த டயர் பழத்து மேல ஏறவே இல்ல. இதுல பாரம் இல்லாத மாதிரி இருக்கு. ஏன்னு பாருங்க."

அவள் சொன்னதை இன்று வரி பிசகாமல் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு அது என் காதில் விழுந்த விதமே வேறு. அக்கா சகுனம் பேசினார், இவளும் சகுனம் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். நண்பர்கள் முன்னால், பதினாலு மாத உழைப்புக்கு முன்னால், ஒரு எலுமிச்சம்பழத்தைக் காட்டிப் பேசுகிறார்களே என்று கோபம் தலைக்கேறியது.

"படிச்சவதானே நீ? எலுமிச்சம்பழத்தக் கேட்டுட்டா கார் ஓட்டணும்? நாலு மூலையும் நான் அளந்து வச்சிருக்கேன் லா. ஏறு."

"நீங்க அளந்தது இருக்கட்டும். பார்த்துட்டு வாங்க, அப்புறம் ஏறுறேன்."

"இப்ப ஏறப் போறியா இல்லையா?"

"எவ்வளவு வேணா கத்துங்க. நான் ஏறல."

அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்க் கோயில் படியில் உட்கார்ந்துகொண்டாள். நண்பர் ஒருவர் நான் வரட்டுமா என்று கேட்டார். யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியைச் சீறிக் கிளப்பினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. ஊருக்கெல்லாம் சொல்லும் புத்திமதி எனக்கு மட்டும் அன்று இல்லை.

தோட்டத்துச் சாலை முதல் ஒரு மைல் நேராக இருக்கும். கார் பறந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. கோபம்கூட மறந்துபோனது. அப்புறம் கால்வாய்ப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு. அறுபதில்தான் போயிருப்பேன். பிரேக்கை மிதித்தேன். இடது முன்சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிட்டு மண்ணில் சறுக்கியது, வலது சக்கரம் மட்டும் பிடித்தது. கார் வலது பக்கம் இழுத்துக்கொண்டு திரும்பியது. நான் ஸ்டியரிங்கை எப்படித் திருப்பினேன் என்று எனக்கே தெரியாது. சாலையை விட்டு இறங்கி, பக்கவாட்டில் சறுக்கி, காரின் இடது விலா ஒரு செம்பனை மரத்தில் போய் மோதி நின்றது.

எஞ்சின் நின்றுபோயிருந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை, பெல்ட் போட்டிருந்தேன். தோள்பட்டையில் மட்டும் வலி. பெருமூச்சு விட்டுவிட்டு இடது பக்கம் திரும்பினேன்.

தோட்டத்தில் வெட்டிய மட்டைகளை மரங்களுக்கு நடுவில் அடுக்கி வைப்பார்கள். செம்பனை மட்டையின் அடிப்பகுதி கை மொத்தம் இருக்கும், இரண்டு ஓரமும் முள். அப்படி ஒரு மட்டை ஃபைபர் உடம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே வந்து, சிவப்பு நூல் போட்ட இருக்கையில் செருகிக்கொண்டு நின்றது. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் வயிறு இருக்கும் இடத்தில்.

எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேனோ. பூசாரியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து என் மனைவி வந்து சேர்ந்தாள். ஓடி வந்து என் தலையை, கழுத்தை, கையைத் தடவிப் பார்த்தாள். அடி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்த்தாள். பார்த்ததும் அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் அழுதேன். பூசாரி இருக்கிறார், பின்னாலேயே நண்பர்கள் வந்துவிட்டார்கள் என்ற வெட்கமெல்லாம் இல்லாமல் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சொன்னது இவ்வளவுதான். "நான் சகுனம் பார்க்கலங்க. அந்த டயர்ல பாரம் இல்லன்னுதான் சொன்னேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அங்கே கூடியிருந்தவர்களில் சக்கரத்தைச் சரியாகப் பார்த்தது அவள் ஒருத்திதான். அறிவியல் பேசிய நான் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் காரின் பக்கமே போகவில்லை. அப்புறம் மனம் கேட்கவில்லை. மரத்தில் இடித்தது உடம்பின் நடுப்பகுதிதான், சட்டத்துக்கும் சக்கரங்களுக்கும் பாதிப்பில்லை. எடை பார்த்துவிடலாம் என்று குளியலறையில் வைத்து ஆள் நிறுக்கும் தராசு நாலு சேர்த்தேன். வீட்டில் ஒன்று, அக்கா வீட்டில் ஒன்று, பக்கத்து வீடுகளில் இரண்டு. எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் மழுப்பலாகப் பதில் சொன்னேன். போர்ச்சில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் ஒன்றை வைத்து நிறுத்தேன். முன்பக்கம் இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்திப் பார்த்தேன். நாலும் சட்னி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டில் நசுங்குகிறது, கோயிலில் நசுங்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த ஒரு நாள் நானே சாமிக்குப் பயந்துவிட்டேன்.

சரி, கோயிலிலேயே நிறுத்துப் பார்த்துவிடுவோம் என்று லோரியில் ஏற்றி மறுபடியும் அங்கே போனேன். சந்நிதிக்கு நேராக, சிமென்டுத் தரையில், உடைந்த காரின் நாலு சக்கரத்துக்கு அடியிலும் தராசு. பூசாரி வெளியே வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, காருக்குத் துலாபாரமா?" என்று கேட்டார். நான் குனிந்து தராசு முள்ளைப் பார்த்தேன். முன் வலது நூற்றுப் பத்து கிலோ. முன் இடது முப்பத்தெட்டு.

கார் ஒன்றுதான். இடம்தான் வேறு. அப்படியென்றால் இரண்டில் ஒரு தரை பொய் சொல்கிறது. கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கும் தண்ணீர்க் குழாயை இரவல் வாங்கி இரண்டு இடத்திலும் பார்த்தேன். கோயில் தரை மட்டம். என் வீட்டு போர்ச்சில் காரின் வலது முன்சக்கரம் நிற்கும், சாக்கடை இருக்கும் மூலை மட்டும் இரண்டரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்காமல் ஓடுவதற்காக வீடு கட்டியவர்களே அப்படிச் சரிவு விட்டிருக்கிறார்கள். அந்தக் கோணல் தரையில் இரும்பைப் பரப்பித்தான் நான் சட்டத்தை ஒட்டினேன். தரை எப்படி முறுக்கிக்கொண்டிருந்ததோ அதே முறுக்கு என் சட்டத்திலும் ஏறிவிட்டது. அதே தரையில் நின்று அளந்தால் நூல் பிசகுமா? மட்டமான இடத்துக்குப் போனதும் ஒரு கால் நீளமான மேசை மாதிரி வலது முன்சக்கரமே பாரத்தை வாங்கிக்கொள்ள, இடது முன்சக்கரம் பாரம் இல்லாமல் தொட்டுக்கொண்டு நின்றது. இளக்கமான ஸ்பிரிங்காக இருந்தால் கொஞ்சமாவது விட்டுக்கொடுத்திருக்கும். நான்தான் வேண்டுமென்றே கல் மாதிரி இறுக்கமானதைப் போட்டிருந்தேனே.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு முழுதாகக் கேட்டாள். கேட்டு முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணில் தண்ணீர் வரும்வரை நிறுத்தவில்லை.

"தண்ணி எந்த மூலைக்கு ஓடும்னு என்னைக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. தினமும் போர்ச்ச கழுவுறது யாரு, நீங்களா?"

பதினாலு மாதம் அந்தத் தரையில் மண்டியிட்டு வேலை செய்திருக்கிறேன். ஒரு நாள்கூட அதை நான் கழுவியதில்லை. அவள் கேட்டபோது நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய முடியும்?

அதன் பிறகு ஏழு மாதம் ஆனது. ஆலைப் பட்டறையில் அனுமதி வாங்கி, நாலு இரும்புத் தாங்கிகளை மட்டம் பார்த்து நிறுத்தி, முன்பக்கக் கைகள் பொருந்தும் இடத்தை வெட்டியெடுத்து மறுபடி ஒட்டினேன். இறுக்கமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இளக்கமானது போட்டேன். இடது பக்கத்து உடம்பைப் புதிதாக வடித்தோம். நியூஸ்பேப்பர் அளவை அவள் எடுத்து வைத்திருந்தாள், அதனால் வேலை சுலபம். இந்தத் தடவை ஒவ்வொரு வாரமும் அவளைக் கூப்பிட்டு, என்ன தோன்றுகிறது சொல் என்று கேட்டேன். முக்கால்வாசி நேரம் ஒன்றும் தோன்றவில்லை, பசிக்கிறது என்பாள். ஒரு தடவை மட்டும் பின்பக்கத்தில் ஒரு போல்ட்டைக் காட்டி, இது மற்றதைவிடக் குட்டையாக இருக்கிறதே என்றாள். அவள் சொன்னது சரி. மாற்றினேன்.

மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்த முறை கூட்டம் சேர்க்கவில்லை. நாங்கள் இருவரும் பூசாரியும்தான். பூசை முடிந்து வண்டியை நகர்த்தி, நாலு பழமும் நசுங்கியதும் நிறுத்தினேன். ஏறு என்று நான் சொல்லவில்லை. அவள் சக்கரங்களைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். அவசரமே படவில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தேன். கதவு கிடையாது என்பதால் சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தாண்டி உள்ளே வந்து உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"போலாம்," என்றாள்.

நாற்பதைத் தாண்டவில்லை நான். பாலத்து வளைவில் பிரேக்கைத் தொட்டபோது கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. நான் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவளோ காற்றில் பறக்கும் முடியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஆலைக்குப் போகும் வழி இவ்வளவு அழகா என்று கேட்டாள். இருபது வருடமாக நான் போய்வரும் வழி அது. அழகாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் மாதம் ஒரு தடவையாவது போகிறோம். வேலையிடத்திலும் நான் கொஞ்சம் மாறியிருக்கிறேன். கூட்டிப் பெருக்கும் அம்மா வந்து அந்த மோட்டார் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்று சொன்னால், முதலில் போய்க் காதை வைத்துக் கேட்கிறேன், பிறகுதான் பேசுகிறேன். எங்கள் சண்டைகள் குறைந்துவிட்டன என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் முடியாது என்று சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குள் கோபம் பாதியில் நின்றுவிடுகிறது. அன்று கோயில் வாசலில், அத்தனை பேருக்கு முன்னால் என் மனைவி என் பேச்சைக் கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கதையை நான் இன்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது.